நுண்ணுயிர்ப் பெயர்களும் காரணப்பெயர் மரபும்

பெயர்களை இடுகுறி, காரணம் என வகுப்பது நன்னூல் மரபு. கலைச்சொல் ஆக்குவோர் காரணப்பெயரையே பெரிதும் விரும்புவர். பொருள் சொல்லிலேயே விளங்கும் என்பது அவர்தம் கருத்து. ஆயின், பெயருக்கு அடிப்படையான காரணம் பிழையெனப் பின்னர் அறியப்படின் அப்பெயரின் நிலை யாது? பாக்டீரியாவின் பெயர் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க சான்றாகும்.

1828-இல் ஏரன்பர்க் இட்ட பாக்டீரியம் என்னும் பெயர், கிரேக்கத்தில் சிறுகோல் எனப் பொருள்படும். பின்னர் உருண்டை வடிவினவும் சுருள் வடிவினவும் அப்பெயராலேயே வழங்கின. 1857-இல் நேகெலி இவ்வினத்திற்குச் ‘சிசோமைசீட்ஸ்’ என்று பெயரிட்டார். ‘பிளவுப் பூஞ்சைகள்’ என்பது அதன் பொருள். இவை இரண்டாகப் பிளந்து பெருகுவன என்பது உண்மை. பூஞ்சை என்பதே பிழை. பூஞ்சையின் உயிரணு உட்கரு உடையது. பாக்டீரியாவின் உயிரணுவில் சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லை. இவ்வேறுபாட்டை 1962-இல் ஸ்டேனியரும் வான் நீலும் தெளிவுற நிறுவினர். ஆயினும் 1957-இல் வந்த பெர்கி கையேட்டின் ஏழாம் பதிப்புவரை நேகெலியின் பெயர் நிலைத்திருந்தது.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் ஆராயப்பட்டுவரும் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1873-இல் ஆன்சன் கண்டார். அஃது அடங்கிய பேரினத்திற்கு 1896-இல் இடப்பட்ட மைக்கோபாக்டீரியம் என்னும் பெயரிலும் பூஞ்சை என்னும் சொல் உண்டு. எனினும், அதனை ஒலிபெயர்த்து வழங்குவதால் தமிழர்க்கு மயக்கம் நேர்வதில்லை. ‘பூஞ்சைக்கோல்’ என மொழிபெயர்த்திருப்பின், மாணவர் அதனைப் பூஞ்சையென்றே கொண்டிருப்பர்.

கிருமி என்னும் சொல்லோ வேறு வகையினது. வடமொழியில் அது புழுவைக் குறிப்பது. வைணவ மரபு கூறும் ‘கிருமிகண்ட சோழன்’ என்னும் பெயரிலும் அப்பொருளே அமைந்துள்ளது. இன்று வேலூர் லாங் பஜாரில் கிருமிநாசினி வாங்குவோர் புழுவை நினைப்பதில்லை. வழக்கு மிகுதியால் பழம்பொருள் மறைந்து, அச்சொல் இடுகுறிபோல் ஆயிற்று.

ஆகவே, பிறமொழிப் பெயரின் உறுப்புக்களைப் பெயர்க்குமுன், அதன் காரணம் இன்றும் பொருந்துமா என ஆராய்தல் வேண்டும். பொருந்தாதாயின் ஒலிபெயர்ப்பே தக்கது. வழக்கிழந்த பெயர்களை அகராதியினின்று நீக்குதலும் ஆகாது. பழைய நூல்களைக் கற்பார்க்கு அவை தேவைப்படும். அவற்றின் அருகே, எக்காலத்து எவ்வகைப்பாட்டைச் சார்ந்தவை என்னும் குறிப்பு இடம்பெறுதல் இன்றியமையாதது.