வெண்ணெய் உருகினால் வேலை கெட்டது! வீட்டிலேயே பிரெஞ்சு மாம்பழ ‘கலெத்’

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது 1954 நவம்பர் 1-ந்தேதி. சமையல் கட்டில் அது இன்னும் முடியவில்லை!

‘கலெத்’ என்ற பழப் பண்டத்துக்கு அச்சு வேண்டாம். மாவைத் தேய்த்து, நடுவே பழத்தைக் குவித்து, ஓரத்தை மடித்தால் சரி. கோணல்மாணலா இருந்தாத்தான் அழகு!

ஒரே எதிரி, நம்ம ஊர் வெயில்.

சில்லென்ற வெண்ணெய்த் துண்டுகள் மாவுக்குள் அப்படியே கிடக்க வேண்டும். ஓவன் சூட்டில் வெண்ணெயில் உள்ள தண்ணீர் ஆவியாகி, மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். பிசையும்போதே உருகிவிட்டால்? வரட்டிதான்! வெண்ணெய்க் காசும் போச்சு.

செய்வது எப்படி?

விடியற்காலையில் பிசைவது நல்லது. மைதா 200 கிராம், உப்பு போடாத வெண்ணெய் 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. விரல்நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் நாலைந்து பெரிய ஸ்பூன் தெளித்துத் திரட்டுங்கள். அரை மணி நேரம் பிரிட்ஜில் இருக்கட்டும். பிறகு 12 அங்குல வட்டமாகத் தேய்க்கவும்.

மாம்பழம் சாறு விடுமே? அதற்கும் வழி உண்டு. வறுத்த ரவை 2 ஸ்பூன் அடியில் தூவினால் சாற்றைக் குடித்துக்கொள்ளும். மேலே, பெரிய மார்க்கெட்டில் பார்த்து வாங்கிய கெட்டியான பங்கனப்பள்ளித் துண்டுகள் 300 கிராம், சர்க்கரை 2 ஸ்பூன். சுற்றி 2 அங்குலம் விட்டு மடியுங்கள். கிழிஞ்சா ஒட்டிக்கலாம்!

200 டிகிரி சூட்டில் 35 முதல் 40 நிமிடம். மேலே சிவந்தால் போதாது. அடியும் சிவக்க வேண்டும். கால் மணி ஆறவிட்டு வெட்டுங்கள். அவசரப்பட்டால் சாறு தட்டில், ஏமாற்றம் வாயில்!