தென்பெண்ணைக் கரைக்கு வந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி

தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் மணலூர்பேட்டை. அங்கிருந்து தென்பெண்ணையோடு கிழக்கே போனால் திருக்கோவிலூர். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு மலையமானின் ஊர். 1955 டிசம்பரில் இந்த ஊருக்கு ஒரு பிரெஞ்சுத் துறவி வந்தார். சரித்திர நாவலாசிரியர்கள் தேடிப் போக வேண்டிய மனிதர் அவர் என்பேன்.

இடைக்காலக் கத்தோலிக்க மடங்களை நம்மில் பலர் நாவல்களில்தான் பார்த்திருக்கிறோம். உம்பர்த்தோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ (1980), 1327இல் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை மடமொன்றில் ஏழு நாள் நடக்கும் கதை. ஒவ்வொரு நாளும் ஜெப வேளைகளாகப் பிரிந்து நகரும். எல்லிஸ் பீட்டர்ஸின் துறவி காட்ஃபேல், 20 நாவல்களில் மூலிகைத் தோட்டமும் வைத்துக்கொண்டு கொலைகளையும் துப்பறிகிறார். இரண்டிலும் என்னைக் கட்டிப்போடுவது கொலையல்ல, மடத்தின் ஒழுங்குக்கும் மனிதனின் மனத்துக்கும் இடையில் நடக்கும் போராட்டம்.

அந்தப் போராட்டத்தை வாழ்ந்தே காட்டியவர்தான் திருக்கோவிலூருக்கு வந்த அந்தப் பிரெஞ்சுத் துறவி, ஹென்றி லெ சோ. 19 வயதில், 1929இல், பிரிட்டனியின் கெர்கொனான் மடத்தில் சேர்ந்தார். சேர்ந்த மடத்திலேயே நிலைத்திருப்பதாக வார்த்தைப்பாடு கொடுப்பது அந்தச் சபையின் முறை. ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய 73 அதிகார ஒழுங்கு நூல், மடம் மடமாக அலையும் துறவிகளை முதல் அதிகாரத்திலேயே கடிந்துகொள்கிறது. அந்த நூலில் ஊறி வளர்ந்தவர்தான் 1948இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1950 மார்ச் 21, ஆசீர்வாதப்பர் திருநாளன்று, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் ழூல் மோன்ஷனேன் அடிகளாரோடு சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிக் காவி உடுத்தினார். பெயர் அபிஷிக்தானந்தர் ஆயிற்று. திருவண்ணாமலைக் குகைகளில் தங்கித் தியானம் செய்தார்.

திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைக் கண்டதும் அவர் உள்ளம் அடங்கியது. 1956இன் தொடக்கத்தில் திரும்பி வந்து சில வாரம் சுவாமிகள் காலடியில் இருந்தார். திருப்பலி நிறைவேற்றும் குருவுக்கு ஓர் இந்துத் துறவி குருவானார். இந்த அனுபவத்தைப் பின்னாளில் புத்தகமாக எழுதியபோது ‘நான்’ என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. ‘வன்யா’ என்றொரு பாத்திரத்தின் கதையாகவே சொன்னார். பாதி நாவலை அவரே எழுதிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1968இல் சாந்திவனத்தைத் துறவி பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு இமயமலைப் பக்கம் உத்தரகாசிக்குப் போனார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார். கடைசிவரை அவர் கத்தோலிக்கக் குருதான்.