தக்காளி: பழுக்க வைத்தலும் பதனிடுதலும்

தக்காளி உற்பத்தியில் சீனாவிற்கு அடுத்த இடத்தை வகிக்கும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடி டன் விளைகிறது. எனினும் கோலார், மதனப்பள்ளி, நாசிக் ஆகிய பகுதிகளில் ஒரு பருவத்தில் விலையின்றிக் கொட்டப்படும் இப்பழம், மறுபருவத்தில் எட்டாக்கனி ஆகிவிடுகிறது. 2023 ஜூலையில் பல நகரங்களில் இதன் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. இந்த ஏற்றத்தாழ்வைத் தணிக்கும் பொருட்டே 2018-19 வரவு-செலவுத் திட்டத்தில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டம் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் அறிவிக்கப்பட்டது. மலிவுக் காலத்து விளைச்சலைக் காப்பதில் வீட்டுத் தோட்டக்காரருக்கும் மகளிர் குழுவினருக்கும் கூடப் பங்குண்டு. ஆனால் அதற்குச் சற்று அறிவியல் தெரிந்திருத்தல் வேண்டும்.

முற்றிய தக்காளி, பறித்த பின்னரும் தானே பழுக்கும் இயல்புடையது. காயினுள் உண்டாகும் எத்திலீன் வாயுவே இதற்குக் காரணம். அடியில் இளஞ்சிவப்பு தோன்றியவுடன் பறித்து, 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நிழலான இடத்தில் பரப்பி வைத்தால் போதும். காய் பழுக்க வெயில் தேவையில்லை. 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் செந்நிறம் தரும் லைகோபீன் சரிவர உருவாகாமையால் பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். பச்சைக் காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. குளிரால் தாக்குண்ட காய் பின்னர் செவ்வனே பழுப்பதில்லை. விரைவு வேண்டுவோர் பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் காகிதப் பையில் இடலாம்.

வாணிபத்தில் சிலர் கையாளும் கார்பைடு கல் முற்றிலும் வேறு. ஈரம் பட்டதும் அது வெளியிடும் அசெட்டிலீன் வாயுவில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுப் பொருள்களின் கலப்பு இருக்கக்கூடும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இதனைத் தடை செய்துள்ளன. மாறாக, எத்திலீன் வாயுவைப் பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. தடையைக் காட்டிலும், சந்தைக்கு அருகில் முறையான பழுக்கவைப்புக் கூடங்கள் அமைவதே கார்பைடை ஒழிக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பதனிடுதலில் கருத்தூன்ற வேண்டியது அமிலத்தன்மை. பி.எச். அளவு 4.6-க்கு மேற்பட்டால், காற்றுப் புகாத புட்டியினுள் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர் வளர்ந்து உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்க இயலும். தக்காளியோ அந்த எல்லையின் இருபுறமும் நிற்பது. நன்கு கனிந்த பழத்தில் புளிப்பு மேலும் குறைவு. ஆகவே ஒரு லிட்டர் மசித்த தக்காளிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்த்தல் இன்றியமையாதது. சாற்றின் புளிப்பு பழத்திற்குப் பழம் மாறுவதால் சிட்ரிக் அமிலமே நம்பத்தக்கது. பிறகு, சூடாக நிரப்பி மூடிய கண்ணாடிப் புட்டிகளைக் கொதிநீரில் முழுவதும் அமிழ்த்தி 45 நிமிடம் வைக்க வேண்டும்; கோலார் போன்ற மேட்டுநில ஊர்களில் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்ந்த தொக்கிற்கு இக்கணக்குப் பொருந்தாது. அவை புளிப்பைக் குறைப்பன. அதனைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களுக்குள் உண்பதே முறை. மூடி உப்பிய புட்டியையும், திறக்கும்போது பொங்கி வழிவதையும் சுவைத்துப் பார்க்காமலே அப்புறப்படுத்த வேண்டும். பொட்டுலின நஞ்சு நாற்றத்தாலோ சுவையாலோ எப்போதும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.