எலும்புப் புளோரோசிஸ் களப் பரிசோதனை

எலும்புப் புளோரோசிஸ் களப் பரிசோதனை என்பது, குடிநீர் வழியாக உடலில் மிகுதியாகச் சேரும் புளோரைடினால் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்பட்டுள்ளனவா என்பதைக் கருவிகள் இன்றி ஊரிலேயே கண்டறிய உதவும் எளிய முறையாகும்.

பின்னணி

இந்தியாவில் இந்நோய் 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதலில் பதிவு செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக உள்ளது. புதுச்சத்திரம் அமைந்துள்ள சேலம்–நாமக்கல் சமவெளி கடினப் பாறை நிலமாகும். இத்தகைய நிலங்களில் பாறைக் கனிமங்களிலுள்ள புளோரைடு மெல்லக் கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது.

செய்முறை

1. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரல்களைத் தொடுதல்.
2. தலையைக் குனிந்து தாடையால் மார்பைத் தொடுதல்.
3. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, பின் மடக்கிப் பிடரியைத் தொடுதல்.

இவை முறையே முதுகெலும்பு, கழுத்து, தோள் மற்றும் முழங்கை மூட்டுகளின் இறுக்கத்தைக் காட்டுகின்றன.

உறுதிப்படுத்தல்

இவற்றைச் செய்ய இயலாத அனைவருக்கும் புளோரோசிஸ் இருப்பதாகக் கருதக்கூடாது. கீல்வாதம், முதுமை ஆகியவற்றாலும் மூட்டுகள் இறுகும். எனவே குடிநீரிலும் சிறுநீரிலும் புளோரைடு அளவு பார்க்கப்படுகிறது. முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது எக்ஸ்-ரே படத்தில் தெரிந்தால் நோய் பெரும்பாலும் உறுதியாகிறது. சிறுவர்களின் பற்களில் காணப்படும் வெள்ளை, பழுப்புக் கோடுகள் அவ்வூரின் நீரைச் சோதிக்க வேண்டும் என்பதற்கான முன்னறிவிப்பாகும்.

முக்கியத்துவம்

முற்றிய நிலையில் வளைந்த முதுகையும் இறுகிய மூட்டுகளையும் மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. சாதாரண மூட்டுவலி என்று வலி மாத்திரை மட்டும் உட்கொண்டு அதே நீரைத் தொடர்ந்து பருகினால் பாதிப்பு வளரும். நீரைக் கொதிக்க வைப்பதால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தொடக்கத்திலேயே கண்டறிந்து நீராதாரத்தை மாற்றுவதே முதன்மையான தீர்வாகும்.

இதற்காக நடுவண் அரசு 2008–09-இல் தேசிய புளோரோசிஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு நிலத்தடி நீருக்கு மாற்றாகக் காவிரி நீரை வழங்குகிறது.