தக்காளிச் செடி ஏன் வாடியது?

எங்கள் வீடு வட்டவளையில் இருக்கிறது. இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்று என்று புவியியல் பாடத்தில் எங்கள் ஊரின் பெயர் வரும்போது, வகுப்பில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் உடுப்புக் காய்வதே பெரும்பாடு. அந்த ஊரில்தான், சென்ற வருடம் உம்மா வீட்டுக்குப் பின்னால் நாற்பது தக்காளிக் கன்றுகளை நட்டார். அதில் வரும் பணம் எனது பிரத்தியேக வகுப்புக் கட்டணத்துக்கு என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

செடிகள் பூத்து நின்ற நேரம். ஒரு நாள் நண்பகலில் ஒரு செடி மட்டும் தலை தொங்கியது. இலை பச்சையாகவே இருந்தது. புள்ளி இல்லை, மஞ்சள் இல்லை. மாலையில் கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் முழுதாக வாடிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து உம்மா இன்னும் ஊற்றினார். சரிவில் அதற்குக் கீழே நின்ற செடிகளும் வாடத் தொடங்கின. வாப்பா கடையொன்றில் விசாரித்து ஒரு பங்கசு நாசினி வாங்கி வந்தார். இரண்டு முறை தெளித்தோம். பத்துச் செடிகள்கூட மிஞ்சவில்லை.

எமது உயிரியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, அவர் மருந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை படும்படி பிடித்துப் பார்த்தீர்களா?” என்றார். அன்று மாலையே செய்தோம். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் நிறத்தில் ஒரு நூல் மெதுவாக இறங்கியது. உம்மா கிளாஸை விளக்கருகே தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

அந்த நூல் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள். பெயர் ரல்ஸ்டோனியா சொலனசியாரம். மண்ணிலிருந்து வேர்க் காயங்களின் வழியாக நுழைந்து, தண்ணீரை மேலே கொண்டு செல்லும் காழ்க்கலன்களை அடைத்துவிடும். மண் நனைந்திருந்தும் செடி தாகத்தால் சாவது இதனால்தான். இந்தப் பற்றீரியா வாடல் நோய்க்குப் பங்கசு நாசினி எதுவும் செய்யாது. குணமாக்கும் மருந்தும் இல்லை. செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் அகற்ற வேண்டும். அதைக் கூட்டெருக் குழியில் போடக்கூடாது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம் என்பதால், அந்தப் பாத்தியில் சில வருடங்களுக்கு அவற்றை நடவும் கூடாது. எங்கள் பாத்தியில் முந்திய வருடம் கிழங்கு போட்டிருந்தோம். அதோடு, உம்மா அன்போடு ஊற்றிய தண்ணீரே கிருமியைக் கீழ் வரிசைக்குக் கொண்டு போயிருக்கும்.

ஆகவே மருந்து வாங்குமுன் நோய் எதுவென்று பார்க்க வேண்டும். அதற்கு இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் போதும். தக்காளி, கிழங்கு இலையில் நீர் ஊறியதுபோலக் கரும்பச்சைத் திட்டு விழுந்து, விடியற்காலையில் இலையின் அடிப்பக்கம் வெண்பூஞ்சணம் தெரிந்தால் அது பின்வெளிறல் நோய். குளிரும் மழையும் சேர்ந்தால் சில நாட்களில் பாத்தியே கருகும். 1845 முதல் அயர்லாந்தில் கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இதே கிருமிதான். போஞ்சி இலையின் அடியில் செங்கபிலத் தூள் விரலில் ஒட்டினால் துருநோய். ரோசா இலையில் ஓரம் சிதறிய கரும்புள்ளி விழுந்து இலை மஞ்சளாகி உதிர்ந்தால் கரும்புள்ளி நோய். இலை சுருண்டு, வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுப்பட்டால் பெரும்பாலும் வைரசு; வெண்ணீக்களும் அசுகுணிகளும் அவற்றைக் காவுகின்றன. அடியிலைகள் மட்டும் சீராக மஞ்சளாவது நோயாகவே இருக்க வேண்டியதில்லை, பசளைக் குறைவாகவும் இருக்கலாம்.

நம் மலைநாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தேயிலைக்கு முன் இங்கே கோப்பிதான் இருந்தது. 1869 இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. அது கோப்பித் துருநோய். ஆராய்வதற்காக 1880 இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், அந்தத் தூள் பங்கசின் வித்திகள் என்பதையும், இலையில் நிற்கும் ஈரத்தில் அவை முளைத்து இலைவாய் வழியே உள்ளே புகுவதையும் காட்டினார். மலை மலையாகக் கோப்பி ஒன்றையே நட்டதால் காற்றில் வந்த வித்திகளுக்குத் தடையே இருக்கவில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது. அதற்கும் 1946 இல் கொப்புள நோய் வந்து சேர்ந்தது. கொழுந்து இலையின் அடியில் வெண்கொப்புளம் எழும்பும் அந்த நோய், மப்பும் மழையுமான நாட்களில்தான் பெருகும்; நல்ல வெயில் அடித்தால் அடங்கிவிடும்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் ரோசாவுக்கும் பொதுவான விஷயம் இலையின் ஈரம். வட்டவளையில் மழையை நிறுத்த முடியாது. ஆனால் இலை நனைந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். செடிகளுக்கிடையே காற்றோட இடம் விடுங்கள். பாத்தியை உயர்த்தி வடிகான் வெட்டுங்கள். மண் தெறிக்கும் அடியிலைகளைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீரைக் காலையில் வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். நனைந்த செடிகளைத் தொடாதீர்கள். கையும் கத்தரிக்கோலும் நோயைக் காவும். பின்வெளிறலுக்கும் துருவுக்கும் பங்கசு நாசினி உதவும். ஆனால் மழைக்காலத்தில் நோய் பரவுமுன்னரே தெளித்தால்தான் பலன். கருகிய இலையை எந்த மருந்தும் பச்சையாக்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். அதை வாசிக்காமல் காயைக் குசினிக்குக் கொண்டுவர வேண்டாம். சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நாங்கள் அந்த முதல் வாரமே அழைத்திருந்தால் மருந்துக் காசாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது பழைய பாத்தியில் லீக்ஸ் நிற்கிறது. தக்காளி, வேறிடத்து மண் நிரப்பிய பத்துப் பைகளில், பொலித்தீன் கூரையின் கீழ். நேற்று ஓர் அடியிலையில் வளையம் வளையமாகக் கபிலப் புள்ளி ஒன்று தெரிந்தது. உம்மா அதைக் கிள்ளி அடுப்பில் போடுமுன், “இது என்ன நோய் மகள்?” என்று எனக்குக் காட்டினார். முன்வெளிறல் என்றேன். மற்றப் பைகளையும் இருவருமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.