பத்தாம் வகுப்பு இடம் மாறியபோது

போட்ஸ்வானாவில் 1996 வரை பள்ளிப் படிப்பு 7+2+3 என்ற கணக்கில் நடந்தது. ஏழாண்டு ஆரம்பப் பள்ளி, ஈராண்டு இளநிலை உயர்பள்ளி, மூவாண்டு முதுநிலை. முதுநிலையில் இடங்கள் குறைவு. அதனால் ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் பலர் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 1996-இல் அரசு இதை 7+3+2 என்று மாற்றியது. பத்தாம் வகுப்பு இளநிலைப் பள்ளிக்குள் வந்துவிட்டது. இளநிலைச் சான்றிதழ் வேண்டுமென்றால் இனி இன்னும் ஓராண்டு உட்கார வேண்டும்.

அந்த நேரத்தில் எச்ஐவி தொற்றால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்று போட்ஸ்வானா. பள்ளி மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அப்போது யாருக்குத் தோன்றியிருக்கும்?

படித்தவர்கள் ஆரோக்கியமாக இருப்பது ஊரறிந்த விஷயம். ஆனால், படிப்புதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பள்ளியிலும் நீடிக்கும், நல்ல சாப்பாடும் சாப்பிடும். நோயாளிப் பிள்ளை பாதியிலேயே நின்றுவிடும். இந்தச் சிக்கலை அவிழ்க்கப் போட்ஸ்வானா ஒரு வழி கொடுத்தது. 1980-இல் பிறந்தவர்கள் பழைய முறையில் படித்தார்கள். 1981 முதல் பிறந்தவர்கள் புதிய முறைக்குள் வந்தார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் வீடு ஒன்று, ஊர் ஒன்று. பிறந்த ஆண்டுதான் வேறு. யாருக்குக் கூடுதல் படிப்பு என்பதை வசதி தீர்மானிக்கவில்லை, காலண்டர் தீர்மானித்தது.

யான்-வால்டர் டி நெவே உள்ளிட்ட ஆய்வாளர்கள், 2004, 2008 ஆண்டுகளின் தேசிய எய்ட்ஸ் கணக்கெடுப்புகளில் இருந்து 7,018 பேரின் விவரங்களை எடுத்து அலசினார்கள். முடிவு 2015-இல் வெளியானது. மாற்றத்தால் படிப்பு சராசரியாக 0.8 ஆண்டு கூடியிருந்தது. 1980-இல் பிறந்தவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு எச்ஐவி இருந்தது. உயர்பள்ளியில் கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆபத்தை 8.1 சதவீதப் புள்ளிகள் குறைத்தது. பெண்களிடம் இந்தக் குறைவு 11.6 புள்ளிகள்.

ஏன் பெண்களுக்குக் கூடுதல் பலன்? பதினாறு வயதுப் பெண் வகுப்பறையில் இருக்கும் ஓராண்டு, தன்னைவிட வயதில் மூத்த ஆணின் வருமானத்தை நம்பி வாழாத ஓராண்டும்கூட. சான்றிதழோடு வெளியே வருபவளுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கையில் சொந்தக் காசு இருந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்வதும் எளிது.

எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கும் என்றில்லை. பிரிட்டன் பள்ளியை விட்டு விலகும் வயதை 1947-இல் 14-இலிருந்து 15 ஆகவும், 1972-இல் 16 ஆகவும் உயர்த்தியது. அதனால் இறப்பு விகிதம் பெரிதாகக் குறையவில்லை என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கூடுதல் ஆண்டு புதிதாக எதைத் திறந்துவிடுகிறது என்பதைப் பொறுத்தே பலனும் அமைகிறது.

ஆனாலும் உலகளாவிய கணக்கு ஒரே திசையைத்தான் காட்டுகிறது. 59 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2024-இல் வெளிவந்த ஆய்வின்படி, பள்ளியில் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பெரியவர்களின் இறப்பு அபாயம் சுமார் 2 சதவீதம் குறைகிறது. பன்னிரண்டு ஆண்டு, அதாவது நம்மூர் பிளஸ் டூ அளவுக்குப் படித்தவர்களுக்கு, படிக்காதவர்களைவிட அபாயம் ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு.

போட்ஸ்வானாவில் பத்தாம் வகுப்பை இடம் மாற்றியது கல்வித் துறை. அதன் லாபம் சுகாதாரத் துறையின் கணக்கில் ஏறியது.