ஏழை அப்பாவைக் கிண்டல் செய்யலாமா?

தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. முப்பதைத் தாண்டிய பிள்ளை ஒருவழியாக வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். குதிரையை மட்டும் தர மாட்டேன் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். சரி, நானே இழுக்கிறேன் என்று அவன் வண்டியில் கை வைக்கிறான். வண்டி அசையவில்லை. அழுதே விடுகிறான். அப்பா மெதுவாகப் பேசிப் பேசி அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

1962இல் பிபிசி ஒளிபரப்பிய இந்த நாடகத்தை நகைச்சுவை என்றுதான் சொன்னார்கள். ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இரட்டையர் எழுதியது. நகைச்சுவை நடிகர்களைத் தேடாமல் மேடை நடிகர்களைப் போட்டதால்தான் அந்த அழுகை நிஜமாக இருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ தொடர். லண்டனில் குதிரை வண்டியோடு தெருத் தெருவாகப் போய்ப் பழைய சாமான் எடுக்கும் அப்பனும் மகனும். நம் ஊர் கணக்கில் காயலான் கடைக்காரர்கள். அப்பா ஆல்பர்ட்டாக வில்ஃப்ரிட் பிராம்பெல், மகன் ஹரால்டாக ஹாரி கார்பெட். நிஜத்தில் இருவருக்கும் 13 வயதுதான் வித்தியாசம்!

1972இல் இது சினிமாவாகவும் வந்தது. கிளிஃப் ஓவன் இயக்கினார். ஹரால்டுக்கு ஒருவழியாகக் கல்யாணம் நடக்கிறது. தேனிலவுக்கு ஸ்பெயின் போனால் அங்கேயும் அப்பா கூடவே வருகிறார். கண்டதையும் தின்று படுத்துக்கொள்கிறார். புதுப் பெண்டாட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அப்பாவை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறான் பிள்ளை. சினிமாவாகப் பார்த்தால் அரை மணி நேர நாடகங்களின் கட்டுக்கோப்பு இதில் இல்லை. ஆனால் ஆல்பர்ட்டின் அற்பத்தனத்தில் ஒரு இம்மி குறையவில்லை.

தொடரின் செல்வாக்குக்கு ஒரு கதை போதும். 1964 அக்டோபர் 15, பிரிட்டனில் பொதுத்தேர்தல். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குச் சற்று முன்னால் ‘ஸ்டெப்டோ’ ஒளிபரப்பாக இருந்தது. வேலை முடிந்து வரும் தொழிலாளி ஓட்டுப் போடப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான் என்று தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சனுக்குக் கவலை. அவர் பிபிசி தலைமையிடம் பேசினார். நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. வில்சன் ஜெயித்தார், மிக மெல்லிய பெரும்பான்மையில்.

அதே 1964இல்தான் தமிழில் அப்பா-மகன் நகைச்சுவையின் உச்சமும் வந்தது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. மகன் நாகேஷ் கதை சொல்ல, அப்பா டி.எஸ். பாலையா நடுநடுங்கும் காட்சியை இன்றைக்கும் யாரும் சலிப்பதில்லை. ஆனால் அந்த அப்பா யார்? எஸ்டேட் முதலாளி. மகன் கேட்பது சினிமா எடுக்கப் பணம். பணக்கார அப்பா என்றால் தமிழ் சினிமா தாராளமாகச் சிரிக்கும். அப்பா ஏழை என்றால் கதையே வேறு. உடனே வயலின் வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ (2005) படத்தில் சிறு அச்சகம் நடத்தும் ராஜ்கிரணைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. நல்ல படம், சந்தேகமில்லை. ஆனால் அங்கே அப்பா குற்றமே செய்யாத தெய்வம். ஏழை அப்பன் கஞ்சனாக, சுயநலக்காரனாக, பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுப்பவனாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனசு வருவதில்லை.

ஓரளவுக்குத் துணிந்தது திருமுருகனின் ‘எம் மகன்’ (2006). காஞ்சிபுரத்தில் மளிகைக் கடை நடத்தும் நாசர், கல்லூரியில் படிக்கும் மகன் பரத்தைக் கடைப் பையனைப் போல நடத்துகிறார். கை நீட்டவும் தயங்குவதில்லை. அடி வாங்குவதில் பங்காளியாக மாமன் வடிவேலு. நடுவில் தவிக்கும் அம்மாவாக சரண்யா பொன்வண்ணன். முதல் பாதி ஆல்பர்ட்டுக்கு ஈடானது. பிற்பாதியில் படம் பயந்துபோய் அப்பாவை நல்லவராக்கிவிடுகிறது.

தமிழில் ஒரு ‘ஸ்டெப்டோ’ எடுப்பதென்றால் எந்த ஊரில் எடுக்கலாம்? நீலகிரியில் இருக்கும் அருவங்காட்டைப் பரிந்துரைக்கலாம். நீலகிரிக்குக் கேமரா போகாத நாளில்லை. ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி நடக்கும் கேத்தி ஸ்டேஷன், மலை ரயிலில் அருவங்காட்டுக்கு அடுத்த நிறுத்தம்தான். ஆனால் கேமராக்களுக்குப் பனியும் தேயிலையும் போதும். அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாக வெடிமருந்து செய்யும் மத்திய அரசின் கார்டைட் ஃபேக்டரியும், அதன் குவார்ட்டர்ஸும் அவற்றின் கண்ணில் படுவதில்லை. கார்டைட்டே 1889இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட சரக்கு. புகை அதிகம் இல்லாமல் வெடிக்கும். அப்பா-பிள்ளைச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி கிடைக்காது.

சண்டைக்குக் காரணத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, அரசாணைகளே தருகின்றன. 2004 ஜனவரி 1க்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு, 2025 ஏப்ரல் வரை, சம்பளத்தில் பிடித்துச் சந்தையில் போடும் புதிய திட்டம் மட்டும்தான் இருந்தது. ஆக, ஒரே ஃபேக்டரியில் அப்பாவும் மகனும் வேலை பார்த்திருந்தாலும், அந்தப் பழைய பென்ஷன் அப்பாவுக்குத்தான். 2021 அக்டோபரில், ஃபேக்டரியை நடத்திவந்த ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டே கலைக்கப்பட்டு, அருவங்காடு ‘முனிஷன்ஸ் இந்தியா’ என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. அப்பா சேர்ந்த அரசாங்கத் துறை, மகன் காலத்தில் கம்பெனி!

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் கறுப்பு நகைச்சுவை. வாரிசு வேலை. விதிப்படி அது கிடைக்க அப்பா பணியில் இருக்கும்போதே இறந்திருக்க வேண்டும், அல்லது உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அறுபது வயதில் ஆரோக்கியமாக ரிட்டையர் ஆகிற அப்பாவால் பிள்ளைக்குப் பைசா பிரயோஜனமில்லை. வேலையில்லாத மகனிடம் “நான் நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கலையா?” என்று ஒரு கார்டைட் அப்பா கேட்டால், அந்த ஒரு வசனத்தில் ஒரு படத்துக்கான கதை இருக்கிறது. கால்ட்டனும் சிம்ப்சனும் விட்டிருக்க மாட்டார்கள்.

செலவும் அதிகம் ஆகாது. 1972இல் வந்த ஒரு ஸ்டெப்டோ நாடகத்தில், சண்டை முற்றி வீட்டையே பலகை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். நடுவில் சுழல் கதவு வேறு. டிவியும் பாதிப் பாதி. ஆனால் அதன் திருகுகள் எல்லாம் அப்பா பக்கம். மகன் பாலே நடனம் பார்க்க ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? அருவங்காட்டில் எடுத்தால் டிவி அப்பா பக்கம், கேபிளுக்குப் பணம் கட்டுவதும் அப்பாவின் பென்ஷன். ரிமோட் மட்டும் மகனிடம் இருக்கட்டும். இரண்டரை மணி நேரம் தாங்கும்.